இரண்டு சுரங்களிலிருந்து மீண்டும் தொடங்கியவர்

மேற்கத்திய செவ்விசையில் இசையமைப்பாளர்கள் தங்கள் படைப்புகளுக்கு வரிசை எண் கொடுப்பது வழக்கம். அந்த எண்ணுக்கு ஓபஸ் என்று பெயர். ஓபஸ் 1 என்றால், "இதோ, நான் வந்துவிட்டேன்" என்று ஓர் இசைக்கலைஞர் உலகத்துக்குச் சொல்லும் முதல் வணக்கம்.

ஹங்கேரியின் ஜ்யோர்ஜ் குர்டாக் அந்த வணக்கத்தைச் சொன்னபோது அவருக்கு வயது 33. அதற்கு முன்பு அவர் எழுதாமல் இல்லை. புடாபெஸ்ட்டின் புகழ்பெற்ற லிஸ்ட் இசைக் கழகத்தில் படித்தவர், வியோலா கச்சேரி இசை உட்படப் பல படைப்புகளை எழுதியவர். ஆனால் 1959-இல் எழுதிய ஒரு நால்வர் தந்தி இசைக்குத்தான் அவர் ஓபஸ் 1 என்று எண் போட்டார். முன்பு எழுதியவை கணக்கில் வரவில்லை.

33 வயதில் கணக்கைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவது என்றால் நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். அந்த வயதில் நம் கையில் வேலை, வீட்டுக் கடன், பதவி உயர்வுக்கான காத்திருப்பு எல்லாம் இருக்கும். குர்டாக் ஏன் அப்படிச் செய்தார்?

கறுப்புக் கொடி

குர்டாக் 1926 பிப்ரவரி 19-ஆம் தேதி, இன்றைய ருமேனியாவில் உள்ள லுகோஜ் என்ற ஊரில் ஒரு ஹங்கேரிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு எல்லைகள் மாற்றி வரையப்பட்டதால், அந்தப் பகுதி ஹங்கேரியர்கள் ருமேனியக் குடிமக்களாகியிருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அவர் புடாபெஸ்ட் வந்ததற்கு ஒரு கனவு காரணம். ஹங்கேரியின் மாபெரும் இசையமைப்பாளர் பேலா பார்டோக் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து பாடம் நடத்துவார், அவரிடம் படிக்கலாம் என்பதே அது. இசைக் கழகத்தின் நுழைவுத் தேர்வுக்கு வந்த இடத்தில் அதே கனவோடு வந்த இன்னோர் இளைஞரைச் சந்தித்தார். அவர்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஜ்யோர்ஜ் லிகெட்டி. இருவரும் வாழ்நாள் நண்பர்கள் ஆனார்கள். ஆனால் கழகத்தின் மேல் பறந்தது கறுப்புக் கொடி. 1945 செப்டம்பர் 26-ஆம் தேதி பார்டோக் நியூயார்க்கில் காலமாகியிருந்தார்.

1956-இல் ஹங்கேரியில் மக்கள் எழுச்சி மூண்டது. சோவியத் டாங்கிகள் அதை நசுக்கின. அந்த டிசம்பரில் லிகெட்டி எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குத் தப்பிச் சென்றார். குர்டாக் 1957-இல் பாரிஸ் போனார். அங்கே ஒலிவியே மெஸ்ஸியான், டேரியஸ் மியோ போன்ற பெரிய ஆசிரியர்களின் வகுப்புகள் கிடைத்தன.

வாய்ப்புகள் எல்லாம் கையில் இருந்த அந்த நேரத்தில்தான் குர்டாக்கால் எழுத முடியாமல் போனது. கடும் மனச்சோர்வு அவரைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு சுரம் போதும்

பாரிஸில் மரியான் ஸ்டெய்ன் என்ற ஹங்கேரிய உளவியலாளர் இருந்தார். படைக்க முடியாமல் திணறும் கலைஞர்களுக்கு உதவியவர். அவர் குர்டாக்குக்குத் தந்த யோசனை மிக எளியது. பெரிய படைப்பைப் பற்றி நினைக்க வேண்டாம். இரண்டு சுரங்களை எடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்று மட்டும் பாருங்கள் என்றார்.

கேட்பதற்குச் சிறுபிள்ளைப் பாடம் போல இருக்கும். பட்டம் பெற்ற ஒருவரிடம் அரிச்சுவடியை நீட்டுவது போல. குர்டாக் அதை ஏற்றுக்கொண்டார். அன்டன் வேபர்ன் என்ற ஆஸ்திரிய இசையமைப்பாளரின் படைப்புகளைக் கையால் பிரதி எடுத்தார். ஒரு சுரத்தைக்கூட வீணாக்காதவர் வேபர்ன். அவருடைய பல படைப்புகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒவ்வொரு குறியையும் கையால் எழுதிப் பார்த்தபோது, சுருக்கம் என்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்று குர்டாக்குக்குத் தெரிந்தது.

1958-இல் அவர் புடாபெஸ்ட் திரும்பினார். மறு ஆண்டு பிறந்ததுதான் அந்த ஓபஸ் 1. அதை அவர் மரியான் ஸ்டெய்னுக்குச் சமர்ப்பித்தார்.

மாதச் சம்பளமும் இசையும்

இதன் பிறகு ஏணி நேராக மேலே போனது என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த இருபது ஆண்டுகள் குர்டாக் வேலைக்குப் போனவர். இசைப் பள்ளியில் பயிற்சியாளர். பிறகு ஹங்கேரியின் தேசிய இசை அமைப்பில், மேடை ஏறும் கலைஞர்களுக்குப் பாடம் கேட்டுத் திருத்துபவர். 1967 முதல் லிஸ்ட் கழகத்தில் ஆசிரியர். அங்கே அவர் நடத்தியது பியானோவும் சிறுகுழு இசையும்தான். இசையமைப்பு வகுப்பு அவர் எடுக்கவில்லை. ஆண்ட்ராஷ் ஷிஃப், ஸோல்டான் கோச்சிஷ் போன்ற உலகறிந்த பியானோ கலைஞர்கள் அவரிடம் படித்தவர்கள். இரண்டு மூன்று வரி இசைக்கு மணிக்கணக்கில் நேரம் செலவிடும் ஆசிரியர் என்று பெயர் எடுத்தார்.

இடையில் 1963 முதல் 1968 வரை ஐந்து ஆண்டுகள் உழைத்து ஒரு பெரிய படைப்பை முடித்தார். 16-ஆம் நூற்றாண்டு ஹங்கேரியப் போதகர் பேத்தர் போர்னெமிசாவின் சொற்களுக்கு, பெண் குரலும் பியானோவும் சேர்ந்த இசை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நவீன இசைக்காரர்கள் கூடும் இடத்தில் அது அரங்கேறியது. எதிர்பார்த்த கவனிப்பு கிடைக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகள் பேனா மறுபடி நின்றுபோனது.

இந்த முறை அவரைத் தூக்கிவிட்டது குழந்தைகள்.

1973-இல், குழந்தைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஒரு பியானோ ஆசிரியை கேட்டார். குர்டாக் எழுதத் தொடங்கிய தொகுப்புக்குப் பெயர் 'யாத்தேகோக்'. ஹங்கேரிய மொழியில் 'விளையாட்டுகள்' என்று பொருள். பியானோவை இன்னும் பொம்மையாகவே பார்க்கும் பிள்ளை எப்படித் தொடும்? உள்ளங்கையால் தட்டும், முழங்கையை வைத்து அழுத்தும், விரலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுக்கும். நம் வீடுகளில் இதற்குக் கிடைப்பது, "ஏய், பியானோ உடைஞ்சிடும்!" என்ற அதட்டல். குர்டாக் அந்த அசைவுகளையே பாடமாக்கினார். சரியான விரல், சரியான கட்டை என்ற கட்டளைக்கு முன்னால், உடம்பு முழுவதையும் வைத்து இசைக்கும் மகிழ்ச்சியைப் பிள்ளைக்குக் கொடுத்தார்.

பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இந்தத் தொகுப்பு அவருடைய நாட்குறிப்பாகவே மாறிவிட்டது. நண்பர் ஒருவரின் பிறந்தநாளுக்கு ஒரு பக்கம், இறந்தவர் நினைவாக ஒரு பக்கம், மதித்த இசையமைப்பாளர் ஒருவருக்கு வணக்கமாக ஒரு பக்கம் என்று பல தொகுதிகள் வந்தன.

இரண்டு முறை முட்டிக்கொண்டு நின்ற மனிதர், இரண்டு முறையும் வெளியே வந்த வழி ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். 1958-இல் இரண்டு சுரம்; 1973-இல் சிறுவர் பாடம். வழி அடைபட்டபோது அவர் இன்னும் பெரிதாக ஒன்றைச் சாதித்துக்காட்ட முயலவில்லை. வேலையைத் தன்னால் நேர்மையாகச் செய்யக்கூடிய அளவுக்குச் சிறிதாக்கிக்கொண்டார்.

பாரிஸ், பெர்லின், மிலான்

உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது 1981 ஜனவரியில், பாரிஸில். ரிம்மா தாலோஷ் என்ற கவிஞரின் 21 ரஷ்யக் கவிதைகளுக்கு அவர் அமைத்த 'மறைந்த திருவாட்டி த்ருசோவாவின் செய்திகள்' அங்கே அரங்கேறியது. குர்டாக்குக்கு 55 வயது ஆக ஒரு மாதம் இருந்தது.

அதன் பிறகு, எழுத்தாளர் காஃப்காவின் குறிப்புகளிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் எடுத்த வரிகளுக்கு ஒரு பெண் குரலையும் ஒரே ஒரு வயலினையும் வைத்து 40 துண்டுகள் எழுதினார். சில துண்டுகள் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பெர்லின் பில்ஹார்மோனிக் குழு அவரை அழைத்தபோது வயது 67. அந்த மாபெரும் குழுவுக்காக 1994-இல் அவர் எழுதிய 'ஸ்டேலே' ஏறத்தாழ 13 நிமிடம்தான். 1998-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஃபான் ஸீமென்ஸ் இசைப் பரிசும், 2006-இல் அமெரிக்காவின் கிராவ்மெயர் விருதும் வந்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் முதல்முதலாக ஓபரா எனும் இசை நாடகம் ஒன்றை எழுதி முடித்தார். 1957-இல் பாரிஸில் இருந்தபோது சாமுவேல் பெக்கெட்டின் 'ஃபின் தெ பார்த்தீ' என்ற நாடகத்தைப் பார்த்தவர் அவர். அந்த நாடகமே ஓபராவானது. 2013-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழாவில் வர வேண்டியது, எழுதி முடியாததால் பலமுறை தள்ளிப்போனது. கடைசியில் 2018 நவம்பர் 15-ஆம் தேதி மிலான் நகரின் லா ஸ்கலா அரங்கில் மேடையேறியது. நாடகத்தைப் பார்த்து 61 ஆண்டுகள் கழித்து, 92 வயதில்!

பக்கத்தில் அமர்ந்தவர்

இதைப் படித்துவிட்டு, "பொறுமையாக இருந்தால் எல்லாம் கிடைக்கும்" என்று சொல்லி முடிப்பது சுலபம். ஆனால் அது பாதிக் கதைதான். பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. அதை யாரோ ஒருவர் கட்ட வேண்டும்.

குர்டாக்குக்கு ஆசிரியர் வேலை சோறு போட்டது. இசையமைப்பை விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலை இருந்திருந்தால், இரண்டு சுரங்களுக்கு நடுவில் அவ்வளவு நேரம் நின்றிருக்க முடியுமா என்பது சந்தேகம். இன்று வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு எழுதவோ, வரையவோ, பாடவோ உட்காரும் இளையர்கள் இதைக் கவனிக்கலாம். சம்பள வேலை கலைக்கு எப்போதும் எதிரி இல்லை. குர்டாக்கைப் பொறுத்தவரை, மற்றவர் வாசிப்பதைக் கேட்டுத் திருத்திய ஆண்டுகள் அவருடைய காதையும் கூர்மையாக்கின.

இன்னொன்று, மார்த்தா. 1947-இல் குர்டாக்கை மணந்தவர், அவரும் ஒரு பியானோ கலைஞர். எழுதிய ஒவ்வொன்றையும் முதலில் கேட்பவர் அவர்தான். அவர் சரியென்று சொல்வது குர்டாக்குக்கு மிக முக்கியம். ஓபராவை எழுதிய நீண்ட ஆண்டுகளிலும் அவர் பக்கத்தில் இருந்தார். கணவரின் மெதுவான பாதைக்குத் தன் வாழ்நாளையும் சேர்த்துக் கொடுத்தவர் என்று சொன்னால் மிகையில்லை. வாழ்க்கை வரலாறுகளில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பத்திதான் கிடைக்கிறது. நம் வீடுகளில் ஒருவர் பகுதி நேரமாகப் படிக்கவோ, தொழில் தொடங்கவோ, கலையில் இறங்கவோ இன்னொருவர் நேரம் விட்டுக்கொடுக்கிறார். அதைப் பேசி, ஒப்புக்கொண்டு, நன்றியோடு செய்கிறோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இருவரும் சேர்ந்து வாசிப்பதைக் காட்டும் ஒளிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. பளபளக்கும் பெரிய கச்சேரிப் பியானோ கிடையாது. வீடுகளில் இருப்பது போன்ற நிமிர்ந்த பியானோ, அதிலும் சத்தத்தைத் தணித்து வைத்திருப்பார்கள். பார்வையாளருக்கு முதுகு காட்டி, தோளோடு தோள் உரச அமர்ந்து, 'விளையாட்டுகள்' தொகுப்பிலிருந்து சிலவும் பாஹ் இசையிலிருந்து சிலவும் நான்கு கைகளால் வாசிப்பார்கள். சில இடங்களில் ஒருவர் கைக்குக் குறுக்கே இன்னொருவர் கை போகும். 2019 அக்டோபரில் மார்த்தா காலமானார். அவர்களுடைய மணவாழ்க்கை 72 ஆண்டுகள்.

மேற்கத்திய செவ்விசை பழக்கமில்லாதவர்களுக்கு குர்டாக் முதலில் அந்நியமாகத் தோன்றலாம். முணுமுணுக்கும் மெட்டு இல்லை, தாளம் போட இடமில்லை. ஒரு நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து, கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு, மூன்று முறை கேளுங்கள். சுரங்களுக்கு நடுவில் உள்ள மௌனமும் அந்த இசையின் பகுதிதான் என்பது மூன்றாம் முறையில் புலப்படும்.

வீட்டில் பியானோ படிக்கும் பிள்ளை இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். 'விளையாட்டுகள்' தொகுப்பில் 'சி' என்ற ஒரே சுரத்தை மட்டும் வைத்து எழுதிய ஒரு துண்டு உண்டு. பியானோவின் 88 கட்டைகளில் 'சி' எட்டு இடங்களில் இருக்கிறது. அடுத்த கிரேடு தேர்வுக்கான பயிற்சி முடிந்ததும், அந்த எட்டுக் கட்டைகளை மட்டும் வைத்து எதையாவது வாசித்துக் காட்டும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம், திருத்தம் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.