சிங்கமும் இடையனும்

“சிங்கத்தைக் காக்க நன்கொடையா? ஏழைகள் இல்லையா?” என அன்பர் ஒருவர் நம்மை வினவினார். நியாயமான கேள்விதான். ஆட்டைக் கவ்விய சிங்கத்தைத் தாவீது அடித்துக் கொன்றாரன்றோ! கென்யாவின் மாசாய் இடையர்களும் வேலாலும் நஞ்சாலும் அதையே செய்துவந்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. மாடே அவர்தம் செல்வம்.

2003-ஆம் ஆண்டில் அம்போசெலியை அடுத்த இம்பிரிகானி மேய்ச்சல் நிலத்தில் இழப்பீட்டு நிதியொன்று தொடங்கப்பெற்றது. சிங்கம் அடித்த மாட்டுக்குப் பணம் உண்டு. பட்டியைச் சரிவர அடைக்காதவருக்குத் தொகை குறையும். சிங்கத்தைக் கொன்றாலோ அபராதம். 2007 முதல் மாசாய் இளைஞர் சிலர் ஊதியம் பெற்று, சிங்கத்தின் தடம் பார்த்து இடையரை எச்சரிக்கின்றனர். அப்பகுதியில் சிங்கங்கள் மீண்டும் பெருகின.

அன்பர் கேட்ட நன்கொடை சேர்வது, மாட்டை இழந்த ஏழையின் கையில்தான். அதுவும் மாட்டின் முழு விலையன்று.