58-வது இடத்திலிருந்து முதலிடம்: நகரத்துக்கு மார்க் போடுவது எப்படி?

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் ஹால் எவ்வளவு பெரிசு என்பதெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி, "தண்ணி எப்படிங்க? போரா, மெட்ரோ வாட்டரா? வெயில் காலத்துல லாரி வாங்கணுமா?" அடுத்தது, "மழை பெஞ்சா தெருவுல தண்ணி நிக்குமா?" ஆபீஸ் எவ்வளவு தூரம், அட்வான்ஸ் எத்தனை மாசம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இதே மாதிரிக் கேள்விகளை ஒரு நகரம் முழுவதுக்கும் கேட்டு மார்க் போட்டால், அதுதான் வாழ்க்கைத் தரக் குறியீடு. மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் 'ஈஸ் ஆஃப் லிவிங் இண்டெக்ஸ்' என்ற பெயரில் இதை வெளியிட்டது. 2018 ஆகஸ்டில் வந்த முதல் பட்டியலில் மொத்தம் 111 நகரங்கள். புனே முதலிடம், சென்னை 14, பெங்களூரு 58. 2021 மார்ச்சில் அடுத்த பட்டியல் வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 49 நகரங்களைத் தனியாகப் பிரித்திருந்தார்கள். அதில் பெங்களூரு முதலிடம், சென்னை 4, கோவை 7.

இரண்டரை வருடத்தில் பெங்களூரு அப்படி என்ன மாறிவிட்டது? சில்க் போர்டு சிக்னலில் நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாறியது ஊர் இல்லை, கேள்வித்தாள்தான்.

முதல் பட்டியல் நான்கு தூண்களில் 78 அளவுகோல்களை வைத்துப் போட்டது. இரண்டாவதில் வாழ்க்கைத் தரத்துக்கு 35, பொருளாதாரத் திறனுக்கு 15, நீடித்த தன்மைக்கு 20, மக்கள் கருத்துக்கு 30 என்று மார்க்கைப் பிரித்தார்கள். மக்கள் கருத்துக்கணிப்பில் 32 லட்சம் பேருக்கு மேல் பதில் சொன்னார்கள். மக்களைக் கேட்டது நல்ல விஷயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'முன்னேறிட்டோம்' என்று சொல்ல முடியாது. பொருளாதாரத் திறனில் பெங்களூரு எடுத்தது 78.82. வேறு எந்த ஊரும் பக்கத்தில்கூட வரவில்லை.

அதே பெங்களூருவில் 2024 மார்ச்சில் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். அரசின் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக கர்நாடக அரசே சொன்னது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு வந்தது. சென்னையும் சளைத்ததில்லை. முதல் பட்டியலில் 14-வது இடம் கிடைத்த அடுத்த கோடையில், 2019 ஜூனில், செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நான்குமே ஏறக்குறைய வறண்டன. ஓ.எம்.ஆரில் சில ஐ.டி. கம்பெனிகள் "வீட்டிலிருந்தே வேலை பாருங்க" என்றன, கொரோனாவுக்கு முன்னாடியே. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது.

பட்டியலில் உயரத்தில் இருக்கிற ஊருக்கு எப்படித் தண்ணீர் இல்லாமல் போகிறது? கூட்டல்தான் காரணம். பத்தாம் வகுப்பில் மொத்தம் 400 எடுத்தாலும் ஒரு பாடத்தில் 35-க்குக் கீழே போனால் பாஸ் கிடையாது. நகரத்துக்கு அப்படி ஒரு விதியே இல்லை. ஐ.டி. வேலையில் வாங்கின மார்க், நிலத்தடி நீரில் விட்ட மார்க்கை ஈடுகட்டிவிடும். குளிக்கத் தண்ணீர் இல்லாதவருக்கு ஊரில் ஸ்டார்ட்-அப் அதிகம் என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

இந்தக் கோளாறு உலகத்துக்குப் புதுசு இல்லை. ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீடு 1990-ல் தொடங்கியபோது அதுவும் சாதாரண சராசரிதான். 2010-ல் கூட்டலை விட்டுவிட்டுப் பெருக்கலுக்கு மாறினார்கள். ஒரு துறையில் 90, இன்னொன்றில் 10 என்றால் சாதாரண சராசரி 50. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 30-தான். பலவீனத்தை ஒளித்துவைக்க முடியாது. நம் நகரப் பட்டியலுக்கும் இதைச் செய்யலாம். அல்லது இன்னும் எளிமையாக, தண்ணீர், காற்று, வெள்ளம் மூன்றிலும் பாஸ் மார்க் எடுக்காத ஊருக்கு ரேங்க் கிடையாது என்று வைக்கலாம். நாம் இரண்டாவதைத்தான் கேட்போம். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

'நீடித்த நகரம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் வருவதும் அங்கேதான். இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது வாழ்க்கைத் தரம். பத்து வருடம் கழித்தும் வருமா என்பது நீடித்த தன்மை. பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு நிலம். 2022-ல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது சுமார் 1,250 ஹெக்டேர். அதைச் சுற்றி எழுந்த அலுவலகங்கள் பொருளாதார மார்க்கில் வரவாகச் சேர்கின்றன. மழைநீரை உறிஞ்சிய இடம் போனது அதே நோட்டில் செலவாக எழுதப்பட வேண்டாமா?

இன்னொரு சிக்கல், ஊருக்கே ஒரு மார்க் என்பது. சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். சாம்பல் கழிவோடு மல்லுக்கட்டும் எண்ணூரும், கடற்கரைக் காற்று வாங்கும் பெசன்ட் நகரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. வெளிநாட்டுப் பட்டியல்கள் இதற்கு உதவாது. 'எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட்' வருடா வருடம் வெளியிடும் நகரப் பட்டியலில் விலைவாசிக்கே இடமில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியருக்கு எவ்வளவு கஷ்டப் படி கொடுக்கலாம் என்று கம்பெனிகள் கணக்குப் போட உதவும் பட்டியல் அது. வாடகை கட்டுகிற நமக்கானது இல்லை.

ஐ.எஸ்.ஓ. 37120 என்ற சர்வதேசத் தர அளவு 2014-லிருந்து இருக்கிறது. நகரச் சேவைகளையும் வாழ்க்கைத் தரத்தையும் எதை வைத்து, எப்படி அளக்க வேண்டும் என்று சொல்வது அது. அது ரேங்க் போடுவதில்லை. அது கேட்கிற விஷயங்களில் ஒன்று, ஒரு வீட்டுக்கு வருடத்தில் எத்தனை மணிநேரம் தண்ணீர் தடைப்பட்டது என்பது. 'இணைப்பு கொடுத்தாச்சு' என்று அதிகாரி தப்பிக்க முடியாத கேள்வி. இந்த ஒரு எண்ணை வார்டு வாரியாக மாதாமாதம் போனில் பார்க்க முடிந்தாலே, வீடு தேடுகிறவர் புரோக்கரை நம்ப வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வீட்டுக்கு இவ்வளவு, ஒரு நபருக்கு இவ்வளவு என்று வகுக்க, வார்டில் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். கடைசியாக முழுசாக எண்ணியது 2011-ல். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்கள் கைக்கு வரும்வரை, சோழிங்கநல்லூரில் புதிதாகக் குடியேறியவர்கள் எந்தப் பட்டியலிலும் உத்தேசக் கணக்காகத்தான் இருப்பார்கள்.