கடலையும் மிட்டாயும் ஒரே தொட்டியில்

போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டிக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், "அத்தை, மிட்டாய் மட்டும் ஏன் வளரவே மாட்டேங்குது?" என்று கேட்டாள் அண்ணன் மகள்.

கடலை, மிட்டாய் இரண்டும் ஆமைகள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருக்குமே, வண்ணமீன் கடைகளில் விற்பார்களே, அதே ஆமைகள். அவளுடைய எட்டாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. அண்ணன் ஒன்று வாங்கத்தான் போனார். கடைக்காரர் விடவில்லை. "ஒத்தையா வாங்காதீங்க சார், ஏங்கியே செத்துடும். ஜோடியா எடுத்துக்கோங்க, ஒண்ணுக்கு ஒண்ணு துணையா இருக்கும்" என்றாராம். பக்கத்தில் நின்ற குழந்தைக்கு அது நியாயமாகப் பட்டது. பெரியவர்கள் நமக்கும் அப்படித்தானே படும்?

வாங்கியபோது இரண்டும் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. இரண்டு வருஷத்தில் கடலை என் உள்ளங்கையை நிறைத்துவிட்டது. மிட்டாய் அதில் பாதிகூட இல்லை. எப்போது பார்த்தாலும் ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்தது. "அதுக்குக் கூச்ச சுபாவம்" என்றார் அண்ணி. மிட்டாய் கல்லின்மேல் ஏறினால், அதன் முதுகில் கடலை ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தப் படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்தபோது இரண்டு இதயம் போட்டவள்தான் நானும்.

அன்றைக்குக் குனிந்து உற்றுப் பார்த்தேன். மிட்டாயின் வால் நுனியைக் காணோம்.

அந்த வாரமே, ஆமைகளைப் பார்க்கத் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். மிட்டாயைக் கையில் எடுத்தவர் ஓட்டின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தினார். கெட்டியாக இருக்க வேண்டிய ஓடு வளைந்தது.

"ரெண்டும் ஒரே தொட்டியிலயா இருக்கு? முதல்ல பிரிங்க. மருந்தெல்லாம் அப்புறம்" என்றார்.

"தனியா இருந்தா அழாதா டாக்டர்?" குழந்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதுக்குத் தனியா இருக்கிறதுதாம்மா நிம்மதி."

இந்த ஒரு விஷயம்தான் நமக்குப் புரிவதில்லை. நாய், கிளி எல்லாம் கூட்டமாக வாழும் உயிர்கள். துணை இல்லாவிட்டால் வாடும். ஆமை அப்படியல்ல. தாய் ஆமை மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போனால், திரும்பிப் பார்க்காது. பொரிந்த நாளிலிருந்தே குஞ்சு தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது.

'குளத்துக்குள் கிடக்கும் மரக்கட்டையில் நான்கைந்து ஆமைகள் வரிசையாக வெயில் காய்கிறதே?' என்று கேட்கலாம். காய்வதற்கு நல்ல இடம் அங்கே அது ஒன்றுதான், அதனால் எல்லாம் அங்கே வருகின்றன. ஒன்று இன்னொன்றைக் கடிக்க வந்தால், கடி வாங்கப்போவது தண்ணீரில் விழுந்து நீந்திப் போய்விடும். குளம் பெரிது. கண்ணாடித் தொட்டியில் எங்கே போவது?

சத்தமில்லாத சண்டை

நாய்கள் சண்டை போட்டால் தெருவுக்கே தெரியும். ஆமைச் சண்டையில் சத்தம் கிடையாது. பலசாலி முதலில் சாப்பிடும், மற்றது மிச்சத்தைத் தின்னும், அல்லது பட்டினி கிடக்கும். பலசாலி கல்லின்மேல் ஏறினால் மற்றது இறங்கிவிடும். கடி விழுவதுகூடப் பெரும்பாலும் நாம் பார்க்காத நேரத்தில்தான்.

ஆமைக்கு வெயில் சாப்பாடு மாதிரி. சூரிய ஒளியில் உள்ள புற ஊதா 'பி' கதிர் உடம்பில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். அது இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேரும். அடியில் மாட்டிய ஆமைக்கு அந்த ஒளி கிடைப்பதில்லை. நாம் பாசம் என்று படம் எடுத்தது, உண்மையில் வெயிலுக்கான போட்டி. மிட்டாயின் ஓடு மெத்தென்று ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, 'ஜன்னல் பக்கத்தில்தானே தொட்டி இருக்கிறது' என்று அண்ணன் நினைத்திருந்தார். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதற்கென விற்கிற விளக்கு வேண்டும், அல்லது நேரடி வெயில் வேண்டும். வெயிலில் வைத்தால் ஒதுங்க நிழலும் இருக்க வேண்டும்.

'ஜோடி' என்பது எப்படித் தெரியும்?

நாணயம் அளவு குஞ்சைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது. இந்த ஆமைகளில் அதை முடிவு செய்வது முட்டை இருந்த மண்ணின் சூடு. சுமார் 26 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஆண், 31 டிகிரியில் இருந்தால் பெண். ஆகவே 'ஜோடி' என்று விற்பது குலுக்கல் சீட்டு மாதிரிதான்.

இரண்டும் ஆணாக இருந்தால், வளர்ந்தபின் கடி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணுமாக இருந்தால்? ஆணுக்கு முன்னங்கால் நகங்கள் நீளமாக வளரும். அவற்றைப் பெண்ணின் முகத்துக்கு எதிரே படபடவென்று ஆட்டியபடி விடாமல் துரத்தும். தொட்டியில் பெண்ணுக்கு ஓய்வே இருக்காது. இரண்டும் பெண் என்றாலும் இடத்துக்கும் தீனிக்கும் போட்டி உண்டு. பெண் ஆமை ஓர் அடி நீளம்வரைகூட வளரக்கூடியது.

வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ஓட்டின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு சுமார் 40 லிட்டர் தண்ணீர். பத்து அங்குல ஆமைக்கு 400 லிட்டர். மொட்டை மாடி சின்டெக்ஸை நினைத்துப் பாருங்கள். ஒன்றுக்கே இவ்வளவு என்றால் இரண்டுக்கு?

இனம் கலந்தால் இன்னும் ஆபத்து

இப்போது நகரங்களில் ஆமையோடு ஓணான் வகைகள், வெளிநாட்டுப் பாம்புகள் எல்லாம் வளர்க்கிறார்கள். இடம் மிச்சம் என்று ஒரே கூண்டில் போடுவது பெரிய தவறு. 'எண்டமீபா இன்வேடன்ஸ்' என்று ஒரு நுண்ணுயிர் உண்டு. ஆமையின் குடலில் ஒரு தொந்தரவும் தராமல் இருக்கும். அதுவே பாம்புக்கோ பல்லி இனத்துக்கோ தொற்றினால் உயிரையே எடுத்துவிடும். இரண்டு பாம்புகளுக்கு ஒரே இடத்தில் இரை போட்டால், இரையின் இரு முனையையும் இரண்டும் விழுங்க ஆரம்பித்து, கடைசியில் ஒன்றை மற்றது விழுங்கிவிடுவதும் உண்டு.

நட்சத்திர ஆமையைத் தண்ணீர் ஆமையோடு விட்டால் மூழ்கிச் செத்துவிடும், அது நிலத்து ஆமை. அதோடு, நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தால், இவற்றைக் கவனியுங்கள்: ஒன்று மட்டும் வளராமல் இருக்கிறதா? வால், கால், கழுத்தில் காயம் உண்டா? ஒன்று எப்போதும் ஒளிந்திருக்கிறதா? தீனி போட்டால் முன்னால் வரத் தயங்குகிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் இன்றே பிரித்துவிடுங்கள். உடனே புதுத் தொட்டி வாங்க முடியாவிட்டால் பெரிய பிளாஸ்டிக் டப் போதும், ஏறிக் காய ஒரு கல்லும் விளக்கும் மட்டும் மறக்க வேண்டாம். தொட்டிக்கு நடுவே தடுப்பு வைப்பதாக இருந்தால், ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி வையுங்கள்.

ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சால்மொனெல்லா கிருமி ஆரோக்கியமான ஆமையிடமும் இருக்கும். குழந்தைகளுக்கு இது தொற்றியதால்தான் அமெரிக்காவில் 1975-லேயே நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். ஒரே தொட்டியில் ஆமை கூடினால் அழுக்கும் கூடும். தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவவே கூடாது.

முக்கியமாக ஒன்று. 'இரண்டை வைத்துச் சமாளிக்க முடியவில்லை' என்று கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். அது புண்ணியம் அல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த ஆமை இது. உலகிலேயே மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. நம் ஊர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்ளும். வளர்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக் கொடுங்கள்.

மிட்டாய்க்கு இப்போது தனித் தொட்டி, தனி விளக்கு. ஓடு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகி வருகிறது. தீனி டப்பாவின் சத்தம் கேட்டாலே கண்ணாடி ஓரத்துக்கு நீந்தி வருகிறது. கூச்ச சுபாவமெல்லாம் எங்கே போனதோ! போன வால் நுனி மட்டும் இனி வளராது.

போன வாரம் போனில் அண்ணன் மகள் கேட்டாள்: "அப்போ கடலை கெட்டதா அத்தை?"

"இல்லடா. அதுக்கு இடம்தான் பத்தலை."

உங்கள் வீட்டுத் தொட்டியிலும் இரண்டு இருந்தால், அடுத்த முறை தீனி போட்டுவிட்டு உடனே எழுந்து போகாதீர்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து, எது சாப்பிடுகிறது என்று பாருங்கள். எது சாப்பிடவில்லை என்றும் பாருங்கள்.