மீண்டும் சக்கரக் காலணி

அமெரிக்க நகரங்களின் மரத்தளக் கூடங்களில், ஆர்கன் வாத்தியத்தின் தாளத்துக்கு இசைய வட்டமிட்டுக் களித்த பிள்ளைகள், குடும்பபாரமும் உத்தியோகமும் வந்து சூழ்ந்ததும் பரண்மேல் போட்டுவிட்ட ரோலர் ஸ்கேட்டுகளை, நடுவயதில் தூசி தட்டி மீண்டும் மாட்டிக்கொள்வதை வீண் சபலமென்று சிலர் சொல்லும்போது என் மனம் ஒப்புவதில்லை. 1863-இல் நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்ப்டன், ஸ்கேட்டின் அச்சுக்கும் பாதம் தாங்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் மெத்தை வைத்து, உடலைச் சாய்த்த மாத்திரத்தில் சக்கரங்கள் அத்திசையே வளையும்படி அமைத்தாரே, அந்தச் சூட்சுமம் இன்றும் மாறவில்லை. பால்யத்தில் பழகிய அந்தச் சாய்வைத் தேகமும் லேசில் மறப்பதில்லை. தெருவில் கடகடத்த உலோகச் சக்கரங்கள் போய், 1970-களில் பரவிய பாலியூரித்தேன் சக்கரங்கள் தரையைப் பற்றிக்கொண்டு மெத்தென்று உருள்கின்றன. ஆனால் உருள்வதற்கான அந்த மரத்தளக் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருவது பெரிய நஷ்டமே. எஞ்சியவை, அமெரிக்கக் கறுப்பின மக்கள் நெடுங்காலமாகப் பேணிவரும் வழக்கத்தைப் பின்பற்றி, வாரத்தில் ஓர் இரவையாவது பெரியவர்களுக்கென்றே ஒதுக்க வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம். சிறுவர் கூட்டம் குறுக்கிடாத தளத்தில்தான், மணிக்கட்டுக் கவசம் அணிந்து, பின்னோக்கி உருளும் பழைய வித்தையை நிதானமாக மீட்டுக்கொள்ள முடியும்.