ஒரே வகுப்பு, ஒரே பாடமா?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் இருக்கிறது, படப்பை. பக்கத்திலேயே ஒரகடம் தொழிற்பேட்டை. அங்கு வேலை தேடிப் பல மாவட்டங்களில் இருந்தும், வட மாநிலங்களில் இருந்தும் குடும்பங்கள் வருகின்றன. பிள்ளைகளும் கூடவே வருகிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், 3-ம் வகுப்பு ஆசிரியை ஒருவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒரு பையன் கதைப் புத்தகத்தைக் கடகடவென்று படிப்பான். ஒரு பெண்ணுக்கு எழுத்து தெரியும். கூட்டிப் படிக்க வராது. இன்னொரு பிள்ளையின் வீட்டில் தமிழே பேசுவது கிடையாது. மூவருக்கும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்தினால் என்ன ஆகும்? முதல் பிள்ளைக்குச் சலிப்பு. மற்ற இருவருக்கும் திகைப்பு!

ஏணிப்படி

இதற்குத் தமிழ்நாடு முன்பே ஒரு வழி கண்டது. 2003-ம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் "செயல்வழிக் கற்றல்" தொடங்கியது. அப்போது மாநகராட்சி கமிஷனராக இருந்தவர், எம்.பி.விஜயகுமார். ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் முறை அதற்கு வழிகாட்டியது.

பாடங்கள் சிறு சிறு அட்டைகள் ஆயின. ஏணி போன்ற படம் ஒன்றும் வந்தது. ஒரு படியை முடித்த பிள்ளை, அடுத்த படிக்குப் போகலாம். மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். மற்றவர்கள் பின்னால் ஓடவும் வேண்டாம். பிறகு இம்முறை மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

அரும்பு, மொட்டு, மலர்

கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. சிறு பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பியது 2021 நவம்பரில். இடையில் மறந்தது ஏராளம். எனவே 2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. 1 முதல் 3 வரையுள்ள வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவருக்கு ஏற்ற பயிற்சி கொடுக்கும் திட்டமாக இது தொடங்கியது.

முறை நல்லதுதான். ஆனால் ஓர் ஆபத்து உண்டு. "அரும்பு" என்பது பிள்ளை இன்று நிற்கும் படி; பிள்ளையின் பெயர் அல்ல. ஜூனில் அரும்பாக இருந்த பிள்ளை தை பிறந்த பிறகும் அங்கேயே நின்றால், குற்றம் பிள்ளையுடையது அல்ல. பாடம் நடத்தும் விதத்தை மாற்ற வேண்டும்.

அதற்கு ஆசிரியைக்கு நேரம் வேண்டும். பதிவேடுகளை நிரப்பவே பொழுது போனால், மூன்று விதமான பாடத்தை எப்போது தயாரிப்பார்? அந்த வேலையை அரசு குறைக்க வேண்டும். இரண்டு வகுப்புகளை ஒருவர் தலையில் கட்டக்கூடாது.

பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு. "பக்கத்து வீட்டுப் பிள்ளை மலர், நீ இன்னும் அரும்பா?" என்று திட்டாதீர்கள். "போன மாதம் எந்தப் படி? இந்த மாதம் எந்தப் படி?" என்று ஆசிரியையிடம் கேளுங்கள். பிள்ளை முன்னேறுகிறதா, இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.