பொம்மைக்கும் முழங்கை வலிக்கும்

போன மாசம் ஒரு ராத்திரி. மணி ஒன்றரை இருக்கும். வெள்ளம் குடிக்க எழுந்தவள், மாடி அறையில் வெளிச்சம் தெரியவும் எட்டிப் பார்த்தேன். அண்ணன் மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் ரெண்டும் சிவந்து கிடந்தது.

“ஒறங்கலியா மக்ளே?”

“நான் பண்ணின தப்புக்கு இன்னொருத்தி ஒறங்காம கெடக்கா அத்தே. நான் எப்படி ஒறங்க?”

சாயா போட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் ஒரு பாட்டி. சேலை, கொண்டை, பாம்படம் எல்லாம் அச்சு அசல். ஆனால் இரண்டு கையையும் சிலுவை மாதிரி விரித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் மகள் அனிமேஷன் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள். அவள் பார்ப்பது ‘ரிக்கிங்’. நம் வீட்டில் அந்த வார்த்தையை விளக்க அவளுக்கு ஒரு வருஷம் ஆனது. நான் உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கம்ப்யூட்டரில் பாட்டியின் உருவத்தைச் செய்வார். அது வெறும் சிலை. அதற்குள் எலும்பு வைத்து, எந்த எலும்பு அசைந்தால் தோலும் சேலையும் எவ்வளவு கூட வரவேண்டும் என்று முடிவு செய்து, பிடித்து ஆட்டக் கைப்பிடியும் வைத்துக் கொடுப்பது இவள் வேலை. அதன்பிறகு அனிமேட்டர் என்ற இன்னொருவர் அந்தக் கைப்பிடிகளை இழுத்துப் பாட்டியை நடக்கவும், சிரிக்கவும், குடம் தூக்கவும் வைப்பார்.

இந்தப் பாட்டியை ஆட்டிக்கொண்டிருந்தவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். சென்னையில் இருக்கிறாள். பதினொரு நாள் உழைத்துப் பாட்டி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும் காட்சியை முடித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து நம் பிள்ளைக்கு ஒரு யோசனை. அவசரத்தில் எலும்புகளுக்குக் கண்டபடி பெயர் வைத்திருந்தோமே, சரிசெய்துவிடுவோம் என்று எல்லாப் பெயரையும் மாற்றினாள். முழங்கை கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது. அந்த எலும்பையும் லேசாக நகர்த்தினாள். பழைய கோப்பின் மேலேயே சேமித்தாள்.

ஆட்டுகிறவள் கோப்பில் அசைவு எல்லாம் எலும்பின் பெயரைச் சொல்லித்தான் பதிவாகியிருக்கும். ‘இந்தப் பெயருள்ள எலும்பு, இந்த நொடியில், இவ்வளவு திரும்பு’ என்று. கூப்பிட்ட பெயரில் யாரும் இல்லையென்றால் யார் திரும்புவார்கள்? அதுதான் பாட்டி கையை விரித்து நின்றுவிட்டாள்.

“பேரைக்கூடத் திருப்பி வச்சிரலாம் அத்தே. அவ கோப்புல பழைய பேரு இருக்கும், பாத்துப் பாத்து மாத்திரலாம். ஆனா முழங்கையை நகர்த்திட்டேனே! குடத்தைப் பிடிச்ச கை இப்ப குடத்துக்குப் பக்கத்துல காத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கு. கை வாற இடமெல்லாம் அவ முதல்ல இருந்து செய்யணும்.”

“அந்தப் பிள்ளை என்ன சொல்லிச்சு?”

“ஒண்ணும் சொல்லல. அவ ஊருல அம்மன் கோயில் கொடை. லீவு போட்டிருந்தா. போகலியாம்.”

அதற்குமேல் எனக்கும் சாயா இறங்கவில்லை.

சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயில் பக்கம் தோல்பாவைக்கூத்து போடுவார்கள். வெள்ளை வேட்டித் திரை, பின்னால் விளக்கு, ராமாயணம். நாங்கள் திரைக்கு முன்னால் உட்கார்வதைவிடப் பின்னால் போய் எட்டிப் பார்ப்பதுதான் அதிகம். ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கி, உருவம் வெட்டி, உளியால் துளை போட்டு, சாயம் தீட்டிய பாவைகள். நடுவில் பிளந்த மூங்கில் கம்பு முதுகெலும்பு மாதிரி ஓடும். கை தோளிலும் முழங்கையிலும் தனித்தனித் துண்டாக வெட்டி நூலால் முடியப்பட்டிருக்கும். அந்த முடிச்சு இறுகினால் கை விறைக்கும், தளர்ந்தால் தொங்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கலையைத் தலைமுறையாகக் காத்து வருபவர்கள் வீட்டில் மராத்தி பேசும் குடும்பத்தினர். நாகர்கோவில்காரரான நாட்டாரியல் ஆய்வாளர் அ.கா.பெருமாள் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் கூத்தில் பாவையைக் கட்டுகிற குடும்பமேதான் ஆட்டும். முடிச்சு தவறினால் அன்றைக்கு ராத்திரியே ஆட்டுகிறவரின் விரல் அதைச் சொல்லிவிடும். அண்ணன் மகளின் தொழிலில் கட்டுகிறவர் ஒரு ஊர், ஆட்டுகிறவர் ஒரு ஊர். முடிச்சு தவறினால் வலி அடுத்தவருக்கு.

இதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். அந்தத் தாள் இப்போது அவள் அறைச் சுவரில் இருக்கிறது. இந்தத் துறைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதால், அதில் உள்ளதை என் பாணியில் சொல்கிறேன்.

முதலில், பாவை என்ன செய்யப்போகிறது என்று கேள். தோல்பாவைக்கூத்தில் ஒரே ராமனுக்குப் பல பாவைகள் உண்டு: நிற்கிற ராமன், உட்கார்ந்த ராமன், வில் பிடித்த ராமன். ராஜாக்கள் பெரும்பாலும் விறைப்பாக வந்து நிற்பார்கள். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள் வந்தால்தான் ஆட்டமும் அடிதடியும். யாருக்கு எவ்வளவு அசைவு என்பதைக் கதைதான் தீர்மானிக்கும். குடம் தூக்கும் பாட்டிக்கு இடுப்பும் தோளும் நன்றாக வளையவேண்டும். ஒரே காட்சியில் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்குக் கால்விரல் ஒவ்வொன்றுக்கும் கைப்பிடி வைத்துக்கொண்டிருப்பது வீண்.

இரண்டாவது, பெயர். நம் அடுக்களையில் மல்லிப்பொடி டப்பாவில் வத்தல்பொடியைப் போட்டு வைத்தால் என்ன ஆகும்? எலும்புகளுக்கும் அதேதான். இடதா வலதா, தோளா முழங்கையா என்று பார்த்ததும் தெரிகிற பெயரை முதல் நாளே வைத்துவிடவேண்டும். இடம், வலம் என்ற குறியைச் சரியாகப் போட்டால், ஒரு பக்கம் செய்த வேலையை மறுபக்கத்துக்குக் கம்ப்யூட்டரே கண்ணாடிபோல் எடுத்துக்கொள்ளும். ஆட்டுகிறவர் கைக்குப் போனபிறகு பெயரை மாற்றவே கூடாது.

மூன்றாவது, மூட்டு இருக்கும் இடம். எலும்பை மூட்டின் நடுவில் வைக்கவேண்டும். முழங்கையை முதலிலேயே இம்மி மடக்கி வைத்தால்தான் எந்தப் பக்கம் மடங்கணும் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். இல்லாவிட்டால் பின்பக்கமாக ஒடியும். மூட்டைச் சுற்றி உருவத்தின் கோடுகள் மூன்று வரிசையாவது இருக்கவேண்டும். இல்லையென்றால் மடக்கும்போது கை குழாய் நசுங்கிய மாதிரி ஆகிவிடும்.

நான்காவது, தோல். ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்போடு எவ்வளவு பங்கு போகும் என்று வண்ணம் தீட்டுவதுபோலத் தீட்டிச் சொல்லவேண்டும். மணிக்கட்டைத் திருப்பினால் மிட்டாய்த் தாளை முறுக்கிய மாதிரி ஆவது புதியவர்கள் எல்லோருக்கும் நேரும் விபத்து. உங்கள் கையைத் திருப்பிப் பாருங்கள்: மணிக்கட்டு மட்டுமா திரும்புகிறது? முழங்கை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. பாவைக்கும் முன்கையில் அப்படித் திரும்ப இரண்டு மூன்று துணை எலும்பு வைக்கவேண்டும்.

ஐந்தாவது, கால் வேறு, கை வேறு. தரையில் ஊன்றிய பாதம் நழுவக்கூடாது. அதனால் பாதத்தைப் பிடித்தால் முழங்காலும் தொடையும் தானாக மடங்கும்படி கட்டுவார்கள். வீசி நடக்கும் கைக்குத் தோளிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்புவது நல்லது. பாட்டி குடத்தைப் பிடித்துவிட்டால் அந்தக் கையும் பாதம் மாதிரிதான். பிடித்த இடத்தில் நிற்கவேண்டும். இரண்டு வழியும் இருந்து, வேண்டும்போது மாற்றிக்கொள்ள வசதி இருந்தால் ஆட்டுகிறவர் வாழ்த்துவார்.

ஆறாவது, பூட்டு. அசையக்கூடாததைப் பூட்டி வை. முழங்கால் பக்கவாட்டில் திரும்பாது, அதைத் திருப்ப வழியே விடாதே. இடப்பக்கக் கைப்பிடிகளுக்கு ஒரு நிறம், வலப்பக்கத்துக்கு ஒரு நிறம். எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் பாவை முதல் நிலைக்குத் திரும்பி வரவேண்டும்.

கடைசியாக, கொடுக்கும் முன் கொடுமைப்படுத்திப் பார். குந்த வை, கையைத் தலைக்குமேல் தூக்கு, முதுகை வளை. உடைவதானால் உன் கையிலேயே உடையட்டும். ஒவ்வொரு முறையும் புது எண் போட்டுத் தனிக் கோப்பாகச் சேமி. பழையதன்மேல் எழுதாதே.

தாளைப் படித்துவிட்டு நான் கேட்டேன்: “சேலையை எங்கே காணோம்?”

சிரித்துவிட்டாள். அதுதான் நம் ஊர்க் கதாபாத்திரங்களின் பெரிய பாடாம். பேன்ட் காலோடு போய்விடும். சேலை அப்படியில்லை. பாட்டி ஒரு அடி எடுத்து வைத்தால் முழங்கால் சேலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கொசுவத்துக்குத் தனி எலும்பு வரிசை வைக்கவேண்டும், அல்லது துணியின் அசைவைக் கம்ப்யூட்டரையே கணக்குப்போட வைக்கவேண்டும். மிக்ஸாமோ போன்ற இணையதளங்களில் தாடை, மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் என்று புள்ளி வைத்தால் சற்று நேரத்தில் எலும்பு போட்டுத் தந்துவிடும். ஆனால் அதற்குக் கொசுவம் தெரியாது. அங்கேதான் அண்ணன் மகளுக்குச் சம்பளம்.

மூட்டு வைத்து உருவத்தை ஆட்டுவது சினிமாவுக்கும் பழையது. 1926-ல் ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண், கறுப்பு அட்டையில் உருவம் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, ‘இளவரசர் அகமதின் சாகசங்கள்’ என்ற முழுநீளப் படத்தையே எடுத்தார். 1995-ல் வந்த ‘டாய் ஸ்டோரி’தான் முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்த முதல் முழுநீளப் படம். அதில் வரும் உட்டி பொம்மைக்கு மட்டும் 700-க்கும் மேற்பட்ட கட்டுப்பாடுகள் இருந்தன. நம் மண்டையில் ஏறாத எண்ணிக்கைதான். ஆனால் மூங்கில் கம்பும் நூல் முடிச்சும் கேட்கிற அதே கேள்வியைத்தான் அதுவும் கேட்கிறது: எங்கே பிடிக்க, எவ்வளவு அசைய?

கற்றுக்கொள்ளக் காசு கட்டாயமில்லை. பிளெண்டர் என்ற மென்பொருள் 2002-லிருந்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. அதிலேயே எலும்புக்கூட்டை உருவாக்கித் தரும் ரிகிஃபை என்ற வசதியும் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு அண்ணன் மகள் சொல்வது ஒன்றுதான்: “கட்டுறதுக்கு முன்னால, வேற யாராவது கட்டின பாவையை ஒரு வாரம் ஆட்டிப் பாருங்க. எங்க விரல் வலிக்குன்னு தெரிஞ்சப்புறம் கட்டுங்க.”

சென்னைப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். பெயரையெல்லாம் நம் பிள்ளை விடிவதற்குள் திருத்திக் கொடுத்தாள். முழங்கையைப் பழைய இடத்துக்கே கண்ணளவில் கொண்டுவரப் பார்த்தாள், முழுக்கப் பொருந்தவில்லை. மிச்சக் காட்சிகளை இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டே உட்கார்ந்து சரிசெய்தார்கள். கொடைக்கு அவள் கடைசி நாள்தான் போய்ச் சேர்ந்தாள்.

“சாமியாட்டம் முடிஞ்சுபோச்சாம் அத்தே,” என்றாள் அண்ணன் மகள். “பொங்கல் மட்டும் கிடைச்சுதாம். அடுத்த கொடைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கா.”

போய்விட்டு வா என்றேன். வெறுங்கையோடு போகாதே என்றும் சொல்லியிருக்கிறேன்.