கடைசி கோல் அடித்த தமிழர்

கூனிமேடு கடற்கரை மணலில் சாயங்காலம் பந்து உதைக்கும் பையன்களிடம் மெஸ்ஸியைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். சைமன் சுந்தரராஜ் யாரென்று கேட்டால்? முழிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, யார் சொல்லிக் கொடுத்தோம்?

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடிய தமிழக முன்கள வீரர் இவர். பெருவிடம் 3-1 எனத் தோற்ற ஆட்டத்தில், நம் அணியின் ஒரே கோலை அடித்தவர் சைமன் என்றே கால்பந்து வட்டாரத்தில் சொல்வார்கள். அதன்பிறகு இன்றுவரை இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. அதனால் அதுதான் 'கடைசி கோல்'. 64 வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பட்டத்தைப் பறிக்க ஆளில்லை என்பது அவருக்கே சந்தோஷமாக இருக்காது.

ஆடி முடித்த பிறகு கோச் ஆனார். 1973-ல் எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என வென்று கேரளா முதல் சந்தோஷ் டிராபியைத் தூக்கியது இவர் பயிற்சியில்தான். கேப்டன் மணி ஹாட்ரிக் அடித்தார்.